ஒற்றைப்படை மாதங்கள்

வீட்டை விற்றோம்.
சோபா உன் தங்கைக்குப் போனது, பூனை எனக்கு வந்தது.
ஃபால்கோனேயை மட்டும் இருவரும் விடவில்லை.
பியாசென்சா வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
இப்படியொரு ஷரத்தை இதுவரை எழுதியதில்லை என்றார்.
ஒற்றைப்படை மாதங்கள் எர்மேத்தேவுக்கு,
இரட்டைப்படை மாதங்கள் ஃபியோரென்சாவுக்கு.
பிறகுதான் விரல்விட்டு எண்ணினேன்.
ஆண்டுக்கு மூன்று நாள் உனக்கு லாபம்.
எனக்கு வாய்த்தது பிப்ரவரிப் பனி.

ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. ஒற்றை சிலிண்டர்,
அதுவும் தரையைப் பார்த்துப் படுத்தது.
இடப்பக்கம் வெளியே கிடந்து சுழலும் இரும்புச் சக்கரத்தை
ஹாம் சீவும் எந்திரம் என்பார்கள் இங்கே.
கசாப்புக்கடை தொரியானோ அதன் விளிம்பைக்
கட்டைவிரலால் தடவி நிஜமாகவே விலை கேட்டார்.
டாங்கின் சிவப்பைச் சுரண்டினால் சாம்பல்பச்சை.
நம்மிடம் வருமுன் அது போலீஸ் உத்தியோகம் பார்த்தது.

கிளப்ப ஒரு முறை உண்டு,
முழங்கால் வீங்கிக் கற்றுக்கொண்டேன்:
கார்புரேட்டர் குமிழை விரல் நனையும்வரை அமுக்கு.
ஸ்பார்க் நெம்பைப் பின்னுக்குத் தள்ளு.
பிஸ்டனை மேட்டில் ஏற்றி, மேட்டைத் தாண்டவிடு.
பிறகு உடம்பின் எடை மொத்தமும் ஒரே உதையில்.
அரைமனதாய் உதைத்தால் திருப்பி உதைக்கும்.
டுப்.
ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு சந்தேகம் வந்துபோக இடமிருக்கும்.
டுப்.

நான்கு வருடமாய் நாம் பேசிக்கொண்டது இதன் வழியாகத்தான்.
மார்ச்சில் வால்வு இடைவெளி பார்த்திருக்கிறாய்,
ஏப்ரலில் அந்தத் தட்டல் இல்லை.
ஜூனில் நான் பிரேக் லைனிங் மாற்றினேன்.
ஆகஸ்டில் டூல் பெட்டியைத் திறந்தால்
செய்தித்தாள் ஓரம் கிழித்து எழுதியிருந்தாய்:
"கீச்சிடுகிறது."
அவ்வளவுதான். பெயர்கூட இல்லை.

இந்த அக்டோபர் முதல் தேதி
பொப்பியோ பாலம் தாண்டுமுன்னே பல் கிட்டிப்போனது.
ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் எண்ணிக்கொண்டு ஏறியது.
ஓரங்கட்டிப் பார்த்தேன்.
பின்சக்கரத்து டாம்பர் திருகு
மூன்று சுற்று இறுகியிருந்தது.
தனியாகப் போகிறவன் அவ்வளவு இறுக்கமாட்டான்.

கையுறையைக் கழற்றி, மூன்று சுற்று தளர்த்தினேன்.
த்ரெப்பியா ஆறு அதுபாட்டுக்குக் கல்லில் சத்தமிட்டது.
வேறென்ன செய்ய,
இது உன் மாதத்தின் விஷயம்.

பெனீச்சே கணவாயில், மூன்றாவது வளைவில்,
ஆக்சிலரேட்டர் கையில் தொளதொளத்தது.
கேபிள் அறுந்துவிட்டது.
பனிமூட்டம். செஸ்ட்நட் முட்கூடுகள் ஷூவுக்கடியில் நொறுங்கின.
இந்த மேட்டில் போன் எடுக்காது.
எடுத்தாலும் யாரைக் கூப்பிட?
அறுந்த நுனியைத் தேடி டாங்கிக்கடியில் விரலை விட்டேன்.
பழைய கேபிளை ஒட்டியே இன்னொன்று ஓடியது,
புதிது, கிரீஸ் பூசியது,
சாணுக்கொரு சுற்றாய்க் கறுப்பு டேப்.
மாட்டவேண்டியது இரண்டு முனை மட்டும்.

நார் பிரிவதைச் செப்டம்பரிலேயே பார்த்திருக்கிறாய்.
மாற்றிக் கொடுத்திருக்கலாம்.
சொல்லியிருக்கலாம்.
இரண்டும் செய்யாமல் இதைச் செய்திருக்கிறாய்.
திட்டிக்கொண்டே மாட்டினேன்,
குளிரில் விரல் விறைக்க, இருபது நிமிடம்.
இரண்டாம் உதையில் கிளம்பியது.

இன்று நவம்பர் ஒன்று.
பாலத்தடியில் கல்லறைகளுக்குச் சாமந்தி விற்கிறார்கள்.
நீ வரவில்லை, அல்லது வந்து
எங்கோ காப்பி குடித்தபடி நான் போகக் காத்திருக்கிறாய்.
குனிந்து அந்தத் திருகை
மூன்று சுற்று இறுக்கிவைத்தேன்,
நீ விட்டிருந்த இடத்திலேயே.
உதிரிக் கேபிள் ஒன்று ஓட்டிக் கட்டியிருக்கிறேன்,
என் டேப் சிவப்பு.
எண்ணெய் அளவு சரி. சொட்டுவது வழக்கம்போல.
சாவி அதே கல்லுக்கடியில்.

பெட்ரோல் நிரப்பவில்லை.
செப்டம்பரில் நீ நிரப்பினாயா?